தட்டு விழுகிற இடம்

தட்டு விழ வேண்டிய இடத்தில் தட்டு விழவில்லை.

இம்பிச்சிக்கோயா ஹெட்போனைக் கழற்றி, தட்டு உள்ளேதான் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்பதுபோல அதை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். மறுபடி மாட்டிக்கொண்டு பாட்டைப் பின்னுக்கு இழுத்தார். மழைப் பாட்டு. மழையே, நீ அவள் தெரு வழியாகவா வந்தாய், உன் மேல் ஏன் இந்த மணம் என்று ஒருத்தன் கேட்கிற உருதுப் பாட்டு. இரண்டாவது சரணத்தில் அந்த 'மணம்' என்ற சொல்லைப் பாடகர் மாடிப்படி ஏற்றுவதுபோல ஏற்றிக்கொண்டு போய், உச்சியில் ஒரு மூச்சு நிறுத்துவார். அங்கேதான் தட்டு விழும். எலுமிச்சை போட்ட பாலில்லாத் தேநீரான சுலைமானி ஏழெட்டு கிளாஸோடு ஓர் அலுமினியத் தட்டு, கொப்பரை மண்டியின் மேல்தளமே இடிந்த சத்தத்தோடு விழும். பாட்டு நிற்கும். "ஏது கழுதைடா அது?" என்று பாடகரின் குரல் கேட்கும். "கிளாஸ் உடைஞ்சா உடையட்டும், தாளம் உடையக் கூடாது." ஒரு சிரிப்பலை. அது அடங்குவதற்குள், விட்ட இடத்தில், விட்ட அதே உயரத்தில், இறங்கி ஏறாமல், பாட்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். கோழிக்கோட்டின் குட்டிச்சிறையில் பாட்டுக் கேட்கிறவன் எவனையும் எழுப்பிக் கேட்டால் சொல்வான், பாட்டு கிடக்கட்டும், அந்தத் தட்டுக்கு அப்புறம் வருகிற ஒரு நொடிதான் விஷயம் என்று.

இப்போது தட்டுக்குப் பதிலாக வயலின்கள் வந்தன. ஒன்றிரண்டு அல்ல, நாலு கல்யாணத்துக்குப் போதுமான வயலின்கள். பாடகர் நிற்கவில்லை. யாரையும் கழுதை என்று சொல்லவில்லை. வழுவழுவென்று, மாவில் புரட்டி எடுத்ததுபோல, கடைசி வரை பாடி முடித்தார். முடிந்ததும் யாரும் இருமவில்லை. இம்பிச்சிக்கோயாவுக்கு வாயில் ஒரு ருசி ஊறியது. கெட்டுப்போன கல்லுமக்காய்ச் சிப்பியைக் கடித்துவிட்டு, விருந்தாளிகள் எதிரில் இருப்பதால் துப்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறவனின் ருசி.

பாடியவர் உண்மையான ஃபிரோஸ் ஜமால். கோளாறு அதுதான்.

குட்டிச்சிறையில் ஃபிரோஸ் ஜமால் என்றால் பீரான். கல்லாயியில் ஒரு மர அறுப்பு மில்லில் பீரானுக்கு வேலை. அவர் பாடிக்கொண்டே மரம் தள்ளினால் வாள் தானாகச் சுருதி சேர்ந்துகொள்ளும் என்றும், அவர் லீவு போட்ட நாட்களில் அறுத்த பலகைகளைக் கப்பல்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள் என்றும் சொல்வார்கள். அந்த மில்லின் முதலாளியே சொன்னதால் நம்பாமல் இருக்க வழியில்லை. பம்பாயின் பெரிய பாடகர் ஃபிரோஸ் ஜமால் ஒரு தடவை கோழிக்கோட்டுக்கு வந்தபோது, வலியங்காடிச் சந்தில் நடந்துகொண்டிருந்தவர் மாடியிலிருந்து வந்த குரலைக் கேட்டு நின்று, "இது நான் எந்த வருஷம் பாடினது?" என்று உடன் வந்தவரைக் கேட்டாராம். இதை நேரில் பார்த்தவர்கள் ஊரில் நானூறு பேர் இருக்கிறார்கள். அந்தச் சந்தில் நாற்பது பேர் நிற்க முடியாது.

அதனால் ஊரில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பீரான் பாடிய கேஸட்டின் மேல் ஃபிரோஸ் ஜமால் என்றுதான் எழுத வேண்டும். அதுதான் மரியாதை. ஒரு தடவை ஹார்மோனியம் வாசிக்க வடகரையிலிருந்து வந்த விவரம் தெரியாத ஒருத்தர் "பீரான் பாடியது" என்று எழுதிவிட்டார். பீரான் அதைப் பார்த்துவிட்டு அன்று சோறு சாப்பிடவில்லை. "அவ்வளவு மோசமாவா பாடினேன்?" என்று கேட்டுக்கொண்டே தன் பெயரை நகத்தால் சுரண்டினார். அதற்கப்புறம் யாரும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

எழுதுகிற வேலை இம்பிச்சிக்கோயாவுடையது. ஷார்ஜாவில் பாத்திரக் கடையில் நின்று சம்பாதித்த காசில் மற்றவர்கள் நிலம் வாங்கியபோது அவர் ஒரு டேப்ரிகார்டர் வாங்கினார். அது கைக்குழந்தையைவிடக் கனம்; குழந்தையைவிட அதிகமாக மடியில் இருந்தது. லீவில் வருகிற மாதங்களிலும், பிறகு வேலையை விட்டு வந்த வருஷங்களிலும், கொப்பரை மண்டிக்கு மேலே இருந்த க்ளப்பில், கல்யாண வீடுகளில், சுன்னத்து வீடுகளில், பீரான் வாயைத் திறந்த இடத்திலெல்லாம் அந்தப் பெட்டியோடு இம்பிச்சிக்கோயா உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, 'ஆஹா' என்று சரியான இடத்தில் சொல்லவும் தெரியாது. அந்தத் தட்டைத் தட்டிவிட்டது மட்டும் அவர்தான். கேஸட் தீரப் போகிறது என்று பதறி எழுந்தபோது கால் பட்டது. அத்தனை வருஷப் பாட்டில் அவருடைய பங்கு அந்த ஒரு சத்தம்தான். கழுதை என்று பீரான் சொன்னது அவரை. அந்த இடம் வரும்போதெல்லாம் அவருக்கு வெட்கமும் பெருமையும் சேர்ந்து காது சிவக்கும்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அறைக்குள் உட்கார்ந்து எல்லாக் கேஸட்டையும் அதற்குள் ஏற்றினார். ஏற்றும்போதும் மரியாதை மறக்காமல் ஒவ்வொன்றுக்கும் பாட்டின் பெயர், பாடகர் பெயர் ஃபிரோஸ் ஜமால் என்று அடித்தார். அவருடைய பழைய பாட்டு மென்பொருள் ஒன்றும் கேட்காது. வைத்த இடத்தில் வைத்ததை எடுத்துக் கொடுக்கும், சொல்லிக் கொடுத்த பெயரைச் சொல்லும், நல்ல வேலைக்காரன். கேஸட்டுகள் பூஞ்சை பிடித்து வெள்ளை பூத்தன. அவர் மனைவி கதீசாபி நாடாவையெல்லாம் உருவி, மொட்டை மாடியில் மீன் காயப்போடுகிற இடத்தில் காக்கைக்குப் பயம்காட்டக் கட்டிவிட்டாள். அப்போது அவர் சிரித்தார். எல்லாம்தான் உள்ளே பத்திரமாக இருக்கிறதே.

பத்திரம் என்றால் அப்படிப் பத்திரம். யாருக்கும் ஒரு பிரதி கொடுத்தவரில்லை. க்ளப்பில் தபலா வாசிக்கும் அவறான் ஒரு பென்டிரைவை நீட்டிக்கொண்டு இரண்டு வருஷம் பின்னால் அலைந்தார். "கேக்கணும்னா வந்து கேளு" என்பதே பதில். "கேக்க வர்றவனுக்குச் சுலைமானி உண்டு. கொண்டுபோக வர்றவனுக்கு அதுவும் கிடையாது." தன் கையைவிட்டுப் போனால் பாட்டு ஆட்டோக்காரன் ஃபோனில் ஆடும், கோழிக்கடையில் அலறும், அந்த அசிங்கத்தைத் தன்னால் தாங்க முடியாது என்பது அவர் கட்சி.

இந்த வாரம் வந்த நோன்புப் பெருநாளைக்கு மகளின் கணவன் ஜெஸீல் துபாயிலிருந்து ஒரு புது லேப்டாப் கொண்டுவந்தான். அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற பையன், நல்ல பையன், கேட்காத உதவிகளைச் செய்கிறவன். பழைய கம்ப்யூட்டர் அதற்குள் மூச்சுவாங்க ஆரம்பித்திருந்தது. பழைய மென்பொருள் அந்த ஒன்றில் மட்டும்தான் ஓடும், புதியதில் ஓடாது. "நான் மாத்தித் தர்றேன் உப்பா, நீங்க போய்ப் படுங்க" என்றான் ஜெஸீல். இம்பிச்சிக்கோயா போய்ப் படுத்தார். வாழ்க்கையில் அவர் தூங்கிய தூக்கங்களில் அவருக்கே அருவருப்பான தூக்கம் அதுதான் என்று இப்போது தோன்றியது.

ஹெட்போனோடு மாடியறையிலிருந்து இறங்கி வந்தார். கூடத்தில் ஜெஸீல் காலைப் பலகாரத்தின் நடுவில் இருந்தான். அந்த ஊர் வீடுகளில் ஆண்கள்தான் மனைவி வீட்டுக்கு வாழ வருவார்கள். வருகிறவனுக்குப் புதியாப்பிளை என்று பெயர். புதியாப்பிளைக்கு முன்னால் வைக்கும் தட்டுகளுக்குக் கணக்கு கிடையாது. பத்திரி, கோழி, முட்டைமாலை, உன்னக்காய், மீன் நிறைத்தது, அதற்குள் இன்னொன்று நிறைத்தது. அவனை நோக்கி ஒரு கடுஞ்சொல் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் உரிமை கிடையாது. இம்பிச்சிக்கோயாவுக்குச் சுத்தமாகக் கிடையாது. அவரே அந்த வீட்டின் பழைய புதியாப்பிளை. பழையதாக ஆக ஆகத் தட்டு குறையும், உரிமை கூடாது.

"மோனே," என்றார் குரலை எண்ணெயில் தோய்த்து, "அந்த மழைப் பாட்டுல ஒரு தட்டு விழுமே, கேட்டிருக்கியா?"

"அந்தச் சத்தமா? போச்சு உப்பா." ஜெஸீல் முகம் மலர்ந்தது. "புது ஆப் போட்டிருக்கேன்ல, அது எல்லாப் பாட்டையும் தானாப் பார்த்துச்சு. பேரை வெச்சு ஒரிஜினலைக் கண்டுபிடிச்சு மாத்திடுச்சு. இருமல், இரைச்சல், தட்டு, ஒண்ணும் கிடையாது. இடமும் எவ்வளவு மிச்சம் தெரியுமா!"

"பழசு?"

"பழசு எதுக்கு?"

"பழைய கம்ப்யூட்டர்ல இருக்குமில்ல?"

"அதை அன்னிக்கே கடையில மாத்தியாச்சே. பயப்படாதீங்க, டிஸ்க்கை ஏழு தடவை அழிச்சுட்டுத்தான் குடுத்தேன். எந்தக் கொம்பனாலயும் உங்க பாட்டை எடுக்க முடியாது."

இம்பிச்சிக்கோயாவின் வாயில் ஒரு வார்த்தை வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது. கதீசாபி உன்னக்காய்த் தட்டோடு வந்தவள் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டாள். தட்டை வைக்கிற சாக்கில் அவர் காலை மிதித்து, மிதித்த காலை எடுக்காமலே, "இன்னொண்ணு எடுத்துக்கோ மோனே, உப்பா உன்னைப் பாராட்டத்தான் வார்த்தை தேடறாரு" என்றாள்.

ஜெஸீல் எடுத்துக்கொண்டான். உன்னக்காயின் வாழைப்பழ உடம்பு இரண்டாகப் பிளந்து உள்ளிருந்த தேங்காயும் முட்டையும் எட்டிப் பார்த்தன. மெல்லுகிற சத்தம் மட்டும் எவ்வளவு தெளிவாக, எந்த இரைச்சலும் இல்லாமல் கேட்கிறது என்று இம்பிச்சிக்கோயா நினைத்துக்கொண்டார்.

அறைக்குத் திரும்பி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பைத்தியம் என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிற பாட்டு: அதில் பீரான் உண்மையிலேயே சிரித்துவிடுவார், இப்போது அச்சடித்த சிரிப்பு இருந்தது. நிலவுப் பாட்டு: நடுவில் பள்ளிவாசல் பாங்கு கேட்டு எல்லோரும் மௌனமாகி, முடிந்ததும் அதே சுருதியிலிருந்து பீரான் எடுப்பார், இப்போது பாங்கு இல்லை, புல்லாங்குழல் இருந்தது. எல்லாம் கழுவி, துடைத்து, பெரிய ஓட்டலின் கழிப்பறையில் அடிக்கும் வாசனைத் தண்ணீர் அடித்து வைத்திருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஃபிரோஸ் ஜமாலின் சிறிய படம், புன்னகையோடு. திரையின் அடியில், 'வாழ்த்துகள்! ஃபிரோஸ் ஜமாலின் தலைசிறந்த ரசிகர்களில் நீங்களும் ஒருவர்' என்று வண்ணக் காகிதத் துண்டுகள் பறந்தன. இம்பிச்சிக்கோயா ஜன்னலைத் திறந்து தெருவில் துப்பினார். கீழே போன ஒருத்தர் நிமிர்ந்து பார்த்து, இம்பிச்சிக்கோயாவின் முகத்தைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

தப்பித்ததும் கொஞ்சம் இருந்தது. அதற்கெல்லாம் ஆப் 'தெரியாத கலைஞர்' என்று பெயர் வைத்து ஒரு மூலையில் தள்ளியிருந்தது. பாட்டு முடிந்து பெட்டியை அணைக்க மறந்தபோது பதிவானவை. பிரியாணியில் கறி குறைவு என்று இரண்டு பேர் சண்டை. ஒரு மணி நேரம் ஓட்டில் மழை. யாரோ ஒருவரின் குறட்டை. அவறானின் தபலா, தனியாக. உலகம் முழுக்கத் தேடியும் இவற்றுக்கு அசல் கிடைக்காததால் அந்த ஆப் தொடவில்லை.

ஜெஸீல் பெயரைச் சொல்லாமல், ஆப்காரர்களின் உதவி எண்ணுக்கு ஃபோன் செய்தார். சர்க்கரையாய் ஒரு பெண் குரல்.

"உங்க பழைய நகல்களை எடுத்துட்டு அசலை வெச்சிருக்கோம் சார்."

"அசல் போனதுதாம்மா புகார்."

"அசல் இருக்கே சார். ஃபிரோஸ் ஜமால்."

"அது ஃபிரோஸ் ஜமால் இல்லம்மா. அதாவது இப்ப இருக்கறது ஃபிரோஸ் ஜமால்தான். முன்னாடி இருந்தது பீரான்."

"பேரைச் சொல்லுங்க சார், தேடிப் பார்க்கறேன்." விசைகள் தட்டும் ஓசை. "பீரான்னு உங்க கணக்குல எதுவும் இருந்ததே இல்லையே சார். எல்லாத்துலயும் நீங்களே ஃபிரோஸ் ஜமால்னுதான் எழுதியிருக்கீங்க."

"அது மரியாதைக்கு எழுதினதும்மா."

"சரி சார். மரியாதைக்கு எழுதினது." குறித்துக்கொள்கிற குரல். "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

ஃபோனை வைத்த பிறகு அவரே தேடல் கட்டத்தில் அந்த மூன்று எழுத்தை அடித்துப் பார்த்தார். 'பீரான்: எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் ஃபிரோஸ் ஜமாலைத் தேடினீர்களா?' என்று கேட்டது. இத்தனை வருஷத்தில், இத்தனை கேஸட்டில், தன் கையால் ஒரு தடவைகூட அந்தப் பெயரை எழுதவில்லை. அருவருப்பு அதுவரை லேப்டாப்பின் மேல் உட்கார்ந்திருந்தது, மருமகனின் எண்ணெய் விரல்களின் மேல் உட்கார்ந்திருந்தது. அப்போது எழுந்து வந்து அவர் கையின் மேல் உட்கார்ந்தது. கையைச் சட்டையில் துடைத்தார். போகவில்லை.

மொட்டை மாடிக்குப் போனார். காய்கிற மத்திக்கு மேலே நாடாக்கள் காற்றில் துடித்துக்கொண்டிருந்தன. பெரும்பாலும் வெயிலில் வெளுத்து, உப்பேறி, முறுகியிருந்தன. நல்லதாகத் தெரிந்த ஒன்றை அறுத்து, வெற்றுக் கேஸட் கூட்டுக்குள் சுற்றி, பரணிலிருந்து ஷார்ஜாப் பெட்டியை இறக்கிப் போட்டுப் பார்த்தார். முதலில் கடல்போல ஓர் இரைச்சல். பிறகும் இரைச்சல். உற்றுக் கேட்டபோது வெகு தூரத்தில் ஒரு காக்கை கரைந்ததாக அவர் பின்னால் எல்லோரிடமும் சொன்னார். இத்தனை வருஷம் காக்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நாடா, அதுவும் பாவம் எதையாவது பிடித்துவைக்க வேண்டுமே.

மறுநாள் அவறான் வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு, "என் தபலா தனியா இருக்குன்னு சொன்னியே, அதை மாத்தலையா?" என்றார்.

"இல்லை."

"உலகம் பூரா தேடியும் இணை கிடைக்கலைன்னு மெஷினே சொல்லிடுச்சு. நீங்கதான்டா ஒத்துக்க மாட்டேங்கறீங்க."

"செருப்பு."

"நான் பென்டிரைவை நீட்டினப்ப, பொண்ணு கேட்டு வந்த பரதேசியைப் பார்க்கற மாதிரி பார்த்தியே கோயா. குடுத்திருந்தா இன்னிக்கு என்கிட்ட இருந்திருக்கும்."

"தெரியும். சொல்லிக் காட்டாதே."

"சொல்லிக் காட்டத்தான் வந்தேன். வேற என்ன வேலை எனக்கு?" அவறானின் கண் கலங்கியிருந்தது. மூக்கைச் சிந்திவிட்டு, "வெள்ளிக்கிழமை என்ன பண்ணப் போறே?" என்றார்.

வெள்ளிக்கிழமை. அதை நினைத்துத்தான் இம்பிச்சிக்கோயாவுக்குச் சோறு இறங்காமல் இருந்தது. பீரானுக்குத் தொண்டையில் கட்டி வந்து, உயிரை வைத்துக்கொண்டு குரலை எடுத்துவிட்டார்கள். இப்போது அவர் கழுத்தில் ஒரு துளை இருக்கிறது. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். மூச்சு அங்கே வந்து போகும். பேச்சு கிடையாது. ஒவ்வொரு வெள்ளியும் ஜும்ஆ தொழுகை முடிந்து நேராக க்ளப்பின் மரப்படி ஏறி வருவார். பாயில் உட்கார்வார். விரலால் ஒரு பாட்டைக் காட்டுவார். மழைப் பாட்டென்றால் விரல்களைத் தூறலாக அசைப்பார். வீட்டிலிருந்து சுமந்து வந்த கம்ப்யூட்டரில் இம்பிச்சிக்கோயா போடுவார். தன் குரலை ஒருமுறை கேட்டுவிட்டு, சுலைமானியைக் குடித்துவிட்டு இறங்கிப் போவார். அந்த ஒரு பாட்டில்தான் மற்ற ஆறு நாளும் ஓடுகின்றன என்று அவர் வீட்டில் சொல்வார்கள்.

"மெஷின் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடு" என்றார் அவறான்.

"எத்தனை வெள்ளிக்கு?"

"அப்போ புதுசையே போடு. அவனுக்குக் காதும் பாதி போயாச்சு. நாமதானே நாற்பது வருஷமா நீ ஃபிரோஸ் ஜமால், நீ ஃபிரோஸ் ஜமால்னு சொன்னோம். நம்பிட்டுப் போறான்."

இம்பிச்சிக்கோயா அவரை ஒரு நாற்றத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வெளியே போடா" என்றார். அவறான் போகவில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். கீழே கூடத்தில் மத்தியானத்துக்கான தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

வெள்ளிக்கிழமை க்ளப்பில் நாலைந்து பேர்தான். கொப்பரை வாசனை பலகை இடுக்கு வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. இம்பிச்சிக்கோயா லேப்டாப்பைத் தாழ்ந்த மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் இணைத்திருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தார். எப்படித் தொடங்குவது என்பதையும் யோசித்து வைத்திருந்தார். பீரான் வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளை முண்டு, கழுத்தில் புதிதாக வெளுத்த துணி. உட்கார்ந்தார். இம்பிச்சிக்கோயா வாயைத் திறந்தார்.

"பீரானே, ஒரு விஷயம்..."

பீரான் கையைத் தூக்கி விரல்களைத் தூறலாக அசைத்தார்.

"இல்லை, அதுக்கு முன்னாடி..."

தூறல் கனத்தது. பீரானின் முகத்தில் ஒரு வாரத்துப் பசி இருந்தது. அதைப் பார்த்ததும் இம்பிச்சிக்கோயா யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் படியிறங்கிப் போய்விட்டன. அவர் விரல் தானாகவே போய் அழுத்தியது. அழுத்திய விரலை அவரே வெறுப்போடு பார்த்தார்.

பாட்டு தொடங்கியது. தொடக்கத்திலேயே வயலின்கள். அவறான் கூரையைப் பார்த்தார். பீரான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வலதுகை தொடையில் தாளம் போட்டது. முதல் சரணம் போயிற்று. தலை மெல்ல ஆடியது. முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு கட்டத்தில் உதட்டோரம் ஒரு புன்னகைகூட வந்தது. நம்பிவிட்டான், என்று இம்பிச்சிக்கோயா நினைத்தார். நாற்பது வருஷம் இவன் தொண்டைக்கு நாம் ஊட்டிய தேன் இப்போது இவன் காதையும் அடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு வெள்ளியும் இந்த வாசனைத் தண்ணீரைத் தன் வேர்வை என்று நினைத்து முகர்ந்துவிட்டுப் போவான். நானும் போட்டுக்கொண்டே இருப்பேன். எழுந்து போய்விடலாமா என்று பார்த்தார்.

இரண்டாவது சரணம் வந்தது. ஃபிரோஸ் ஜமால் அந்தச் சொல்லை ஏற்றத் தொடங்கினார். ஒரு படி, இன்னொரு படி. பீரானின் தாளம் நின்றது. கண் திறந்தது. இடதுகை பக்கத்திலிருந்த சுலைமானி கிளாஸைத் தொட்டது. பாடகர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

பீரான் கிளாஸை மேஜை விளிம்புக்குத் தள்ளி, அதற்கு அப்பாலும் தள்ளினார்.

பலகைத் தரையில் அது நன்றாகவே உடைந்தது. எலுமிச்சைத் துண்டு உருண்டு அவறானின் காலடியில் போய் நின்றது. பீரான் இம்பிச்சிக்கோயாவைப் பார்த்தார். கழுத்துத் துணி ஒரு தடவை உள்ளே போய் வெளியே வந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை, தேவையும் இல்லை. ஏது கழுதைடா அது. இம்பிச்சிக்கோயாவின் காது சிவந்தது.

பிறகு பீரான் பாட்டு நிற்பதற்காகக் காத்திருந்தார். தலையை ஒருக்களித்து, நின்றால் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளத் தயாராக, தொடைக்கு மேலே கையைத் தூக்கி வைத்திருந்தார். ஃபிரோஸ் ஜமால் நிற்கவில்லை. வயலின்களையெல்லாம் கூட்டிக்கொண்டு, கண்ணாடிச் சில்லுகளின் மேல் கால் படாமல், புன்னகையோடு அடுத்த வரிக்குப் போய்விட்டார். பீரான் லேப்டாப்பைப் பார்த்தார். முற்றத்தில் நாய் செய்துவிட்டுப் போனதைப் பார்க்கிற பார்வை. சற்று நேரம் பொறுத்தார். இன்னும் நிற்கவில்லை.

அவர் கை நகர்ந்து, இம்பிச்சிக்கோயாவின் முன்னால் தொடாமல் இருந்த, விளிம்பு வரை நிறைந்த கிளாஸைப் பிடித்து, மெதுவாக மேஜையின் ஓரத்துக்கு இழுக்கத் தொடங்கியது.